சென்னையை மும்பையாக்குவது எப்படி? கையில் காசில்லாமல் படமெடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கதை மும்பையில் நடக்கிறது. கையில் இருக்கும் பணமோ அரக்கோணத்தைத் தாண்டாது. குறும்படம், வெப் சீரிஸ், சின்ன பட்ஜெட் படம் என்று எதை எடுப்பவருக்கும் ஒருநாள் இந்தச் சிக்கல் வரும். யூனிட்டை ரயிலேற்றி, தங்கவைத்து, சாப்பாடு போட்டு, தெரியாத ஊரில் அனுமதிக்கு அலைவதற்கு ஆகும் செலவைத் தாளில் எழுதிப் பார்த்ததும் தயாரிப்பாளர் முகம் வாடிவிடும். அப்போது யாராவது ஒருவர், “சௌகார்பேட்டையிலேயே எடுத்துடலாமே சார்” என்பார்.

எடுக்கலாம்தான். ‘நாயகன்’ (1987) படத்தில் நாம் பார்த்த தாராவியில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. ‘பம்பாய்’ (1995) படத்தின் நகரத் தெருக்கள் கிண்டியில் கேம்பகோலா வளாகத்துக்குள் எழுந்தவை. காஷ்மீருக்குப் போக முடியாத சூழலில் ‘ரோஜா’வுக்கு மணாலியும் குன்னூரும் கைகொடுத்தன. வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கத் தொடர்களில் வரும் நியூயார்க் பல நேரம் கனடாவின் டொரொண்டோ. ஸ்டான்லி குப்ரிக் வியட்நாம் போர்ப் படத்தை லண்டனில் ஒரு பழைய கேஸ் ஃபேக்டரியில் எடுத்தார். பனைமர வகைகளை ஸ்பெயினிலிருந்து வரவழைத்து நட்டார்.

குப்ரிக்கிடம் பணம் இருந்தது, நம்மிடம் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி செட் போடுவதைப் பற்றியது அல்ல. இருக்கிற தெருவில், பத்துப் பதினைந்து பேர் யூனிட்டோடு, சென்னையை மும்பையாகக் காட்டுவதைப் பற்றியது. நான் ஆர்ட் டிபார்ட்மெண்ட் பக்கமிருந்து வந்தவன், அதனால் அந்தப் பார்வைதான் தூக்கலாக இருக்கும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிற எல்லோரும் மும்பையை எப்படி உள்ளே கொண்டுவருவது என்றுதான் யோசிக்கிறார்கள். டாக்ஸி, வடாபாவ், இந்தி போர்டு என்று பட்டியல் போடுகிறார்கள். உண்மையில் முக்கால்வாசி வேலை சென்னையை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுவது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் மும்பை பாதி தானாக வந்துவிடும்.

படி 1: ஸ்கிரிப்டை ஊர்க் கண்ணோடு படியுங்கள்

மூன்று கலர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிகளுக்கு ஒரு கலர்: அறைக்குள் பேச்சு, ஆபீஸ், ஆஸ்பத்திரி வராண்டா, காருக்குள் இரவுக் காட்சி. ஊர் லேசாகத் தெரிய வேண்டிய காட்சிகளுக்கு இன்னொன்று: தெருமுனை, டீக்கடை, மாடிப்படி, பால்கனி. அந்த ஊரைத் தவிர வேறெங்கும் எடுக்க முடியாதவற்றுக்கு மூன்றாவது: சிஎஸ்எம்டி (பழைய விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷன் வாசல், மெரின் டிரைவ் கடலோரச் சாலை, ஓடுகிற லோக்கல் ரயில்.

மூன்றாவது கலர் அதிகமாக இருந்தால் ஸ்கிரிப்டைத் திருத்துங்கள். மெரின் டிரைவில் எழுதப்பட்ட காதல் காட்சி அங்கேதான் நடந்தாக வேண்டுமா? மொட்டை மாடிக்கு மாற்றினால் கதைக்கு என்ன குறைந்துவிடும்? இந்தக் கேள்வியை டைரக்டரிடம் இப்போதே கேட்டுவிட வேண்டும். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் கேட்டால் திட்டுதான் விழும்.

படி 2: இரண்டு பேர், இரண்டு நாள், நிஜ ஊரில்

இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மும்பைப் படங்களில் பெரும்பாலானவை சுற்றுலாக் கண்ணால் எடுத்தவை. நமக்கு வேண்டியது அதில் இருக்காது. ஆர்ட் ஆள் ஒருவரும் கேமரா ஆள் ஒருவரும் போனால் போதும்.

கேட்வே ஆஃப் இந்தியாவை விட்டுவிடுங்கள். இடுப்புக்குக் கீழே இருப்பதையும், இரண்டாம் மாடிக்கு மேலே இருப்பதையும் படம் எடுங்கள். ஜன்னலுக்கு வெளியே கூண்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு கிரில், அதற்குள் துளசித் தொட்டி, காயும் துணி, பழைய பக்கெட். கட்டடத்தின் வெளிச்சுவரில் இறங்கும் கழிவுநீர்க் குழாய், அதன் இடுக்கில் முளைத்த அரசங்கன்று. மழை வாங்கி வாங்கிக் கறுத்துப்போன சுவர். கூரைமேல் கட்டிய நீலத் தார்ப்பாய். சால் என்று சொல்லப்படும் பழைய ஒண்டுக்குடித்தன மாடிக் கட்டடங்களின் நீளமான பொது வராண்டாவும் மரக் கைப்பிடியும். கடை ஷட்டர் எந்த நிறம், போர்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி எடுத்தால் அளவு தெரியும்.

கூடவே சத்தத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

படி 3: இரட்டைப் பிறவியைத் தேடுங்கள்

ஒரு ஊருக்கு இன்னொரு ஊர் முகம் கொடுக்க வேண்டுமென்றால், இரண்டும் ஒரே காலத்தில் ஒரே மாதிரி ஆட்களால் கட்டப்பட்டிருக்க வேண்டும். செர்னோபில் விபத்தைப் பற்றிய 2019 தொடருக்கு ப்ரிப்யாட் நகரமாக நடித்தது லித்துவேனியத் தலைநகர் வில்னியஸின் ஒரு குடியிருப்புப் பகுதி. இரண்டுமே சோவியத் காலத்து அடுக்குமாடிகள்.

சென்னைக்கும் மும்பைக்கும் அப்படி ஒரு உறவு உண்டு. இரண்டும் வெள்ளைக்காரன் வளர்த்த துறைமுக ஊர்கள். அதனால் பாரிமுனை, ராயபுரம் பக்கத்துப் பழைய வணிகக் கட்டடங்கள் நன்றாக ஒத்துப்போகும். சௌகார்பேட்டையில் மின்ட் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்துகளில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருப்பதால் இந்தி போர்டும் ஜிலேபிக் கடையும் ஏற்கெனவே இருக்கின்றன. பழைய மில் வளாகம் ஏதாவது கிடைத்தால் பம்பாயின் பழைய துணிமில்லுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புகள் கொஞ்சம் மேக்கப் போட்டால் மும்பைப் புறநகர். கண்ணாடிக் கட்டட ஆபீஸுக்கு ஓஎம்ஆர். அது எந்த ஊராக வேண்டுமானாலும் இருக்கும், அதற்கென்று ஒரு முகம் இல்லை.

லொகேஷன் பார்க்கப் போகும்போது செய்யும் பெரிய தப்பு, நேராகப் பார்ப்பது. நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள், பிறகு அண்ணாந்து பாருங்கள். ஜாக்கி சான் நடித்த 1995 படம் ஒன்றில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியாகக் காட்டப்பட்டது கனடாவின் வான்கூவர். சண்டை போடும் ஜாக்கி சானுக்குப் பின்னால் மலைத்தொடர் கம்பீரமாக நிற்கிறது. பிராங்ஸில் மலைக்கு எங்கே போவது? இன்று வரை ரசிகர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நமக்கு மலைக்குப் பதில் கோபுரம். சௌகார்பேட்டைச் சந்து எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் கோடியில் ஒரு குட்டிக் கோபுரம் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்ன வரைபடம் போட்டு, எந்தத் திசை ஓகே, எது கூடாது என்று குறித்துக்கொண்டால் ஸ்பாட்டில் சண்டை வராது.

படி 4: சென்னையை வெளியேற்றுங்கள்

இதுதான் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் முதல் குறும்படத்தில் மும்பைத் தெருவில் கதாநாயகன் நின்று போன் பேசுவான். பின்னால் மராத்தி போர்டு, மும்பை நம்பர் பிளேட்டோடு ஒரு பைக், வடாபாவ் வண்டி. ஸ்பாட்டில் எல்லோரும் கைதட்டினோம். எடிட்டில் பெரிய திரையில் ஓட்டியபோது எடிட்டர் நிறுத்திவிட்டு, “அண்ணே, இது யாரு?” என்றார். கதாநாயகனின் காதுக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே, மாலை போட்ட படத்தோடு ஒரு பெரியவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கறுப்பு எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. மூன்று வினாடி ஷாட். பத்துப் பேர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. தினமும் பார்க்கிற போஸ்டர், கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. நமக்குப் பழகிய ஊர் நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த வேலை கஷ்டம்.

எங்கெல்லாம் சென்னை ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறேன். முதலில் எழுத்து: கடை போர்டு, கட்சிச் சுவரெழுத்து, சினிமா போஸ்டர், கதவில் ஒட்டிய கேஸ் ஏஜென்சி ஸ்டிக்கர், மின்வாரியப் பெட்டி, வீட்டு வாடகைக்கு என்று கம்பத்தில் கட்டிய அட்டை. அடுத்து நிறம்: மஞ்சள் ஆட்டோ, ஆவின் பூத், கட்சிக் கொடிக் கம்பம், வீட்டு வாசலில் வரிசையாக நிற்கும் கலர் கலர் பிளாஸ்டிக் குடங்கள். அடுத்து தரை: வாசல் கோலம். காலையில் ஷூட்டிங் என்றால் அந்த வீட்டு அம்மாவிடம் முந்தின நாளே சொல்லி, ஒருநாள் கோலத்தை ஷாட் முடிந்தபின் போடச் சொல்லுங்கள். போட்ட கோலத்தை அழிக்கச் சொன்னால் கோபம் வரும், நியாயம்தான். திருஷ்டிப் பூசணிக்காய், வாசலில் கட்டிய படிகாரம், மாவிலை இதெல்லாம் உள்ளதா என்றும் பாருங்கள்.

மறைக்கப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். நீலத் தார்ப்பாய் நான்கு, மூங்கில் கழி, சாக்கு, அட்டைப்பெட்டிகள், ஒரு டெம்போ. டெம்போவை நிறுத்தினால் ஒரு சுவர் முழுக்க மறையும், சாலையோரம் டெம்போ நிற்காத ஊர் இந்தியாவில் கிடையாது. போஸ்டர் ஒட்டிய சுவருக்கு ஒரு வாளி மைதாப் பசையும் நீங்கள் அச்சடித்த மராத்தி போஸ்டர்களும் போதும். பசையைச் சுவரில் நேராகத் தடவாமல், முதலில் வெற்றுத் தாளை ஒட்டி அதன்மேல் உங்கள் போஸ்டரை ஒட்டினால் மாலையில் உரித்துவிடலாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் புதிதாக இருந்தால் மட்டும் அதன்மேல் எதையும் ஒட்டாதீர்கள். அந்த வீட்டில் கேளுங்கள், இல்லையென்றால் ஃப்ரேமை மாற்றுங்கள்.

படி 5: மும்பையைக் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள்

போர்டுகளில் ஆரம்பிப்போம். மும்பைக் கடை போர்டு என்றால் இந்தி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, மராத்தி. அங்கே கடைகள் மராத்தியில் பெயர் எழுத வேண்டும் என்பது சட்டம். எழுத்து இரண்டுக்கும் தேவநாகரிதான், வார்த்தைகள் வேறு. ஆஸ்பத்திரிக்கு இந்தியில் அஸ்பதால், மராத்தியில் ருக்ணாலய. நம் ‘ள’வுக்கு இணையான எழுத்து மராத்தியில் சர்வ சாதாரணம், இன்றைய இந்தியில் புழக்கம் இல்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்து அப்படியே அச்சுக்குக் கொடுக்காதீர்கள். மராத்தி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

கடைக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள், நிஜக் கடையின் பெயர் வேண்டாம். முகவரி போட்டால் பின்கோடு 400இல் தொடங்க வேண்டும், 600இல் அல்ல. போன் நம்பர் எழுதினால் அது யாரோ ஒருவருடையதாக இருக்கும், ஆகவே கடைசி இலக்கங்களின்மேல் ஒரு ஸ்டிக்கரோ பெயிண்ட் வழிசலோ இருக்கட்டும்.

ஃப்ளெக்ஸ் அச்சாகி வந்ததும் மாட்டினால் பளபளவென்று பொய் சொல்லும். உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, கெட்டியான டீ டிகாஷனை ஸ்பாஞ்சில் தொட்டு ஓரங்களில் ஒற்றி எடுங்கள். ஆணி அடித்த மூலைகளிலிருந்து துரு வழிந்த மாதிரி காவிக் கலரை மெல்லிய கோடாக இறக்குங்கள். எல்லா போர்டையும் ஒரே அளவுக்குப் பழையதாக்கக் கூடாது. ஒரு தெருவில் ஒரு கடை போன மாதம் திறந்திருக்கும், ஒன்று முப்பது வருஷமாக இருக்கும்.

வண்டிகள். மும்பை நம்பர் எம்எச் 01, 02, 03, 47. எம்எச் 04 என்றால் பக்கத்து ஊரான தாணே, எம்எச் 43 என்றால் நவி மும்பை. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை. இது நம் ஊரிலும் அதேதான் என்பதால் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பொய் நம்பரோடு பொதுச் சாலையில் வண்டி ஓட்டுவது குற்றம். அடைத்த தெருவிலோ தனியார் வளாகத்திலோ மட்டும் மாட்டுங்கள், கட் சொன்னதும் கழற்றுங்கள். பிளேட்டுகளுக்கென்று ஒரு பையனைப் பொறுப்பாக்கி, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை டாக்ஸி இல்லாமல் மும்பையா என்பீர்கள். கதை எந்த வருஷம் என்பதைப் பாருங்கள். பிரீமியர் பத்மினி டாக்ஸியில் கடைசியாகப் பதிவானது 2003இல். 20 வருஷ வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் ஓய்வு பெற்றது. இன்றைய கதையில் பத்மினி ஓடினால் தப்பு. இப்போது அதே கறுப்பு மஞ்சளில் சின்ன கார்கள் ஓடுகின்றன. வாடகைக்கு எடுத்த காருக்கு பெயிண்ட் அடிக்காமல் வினைல் ஒட்டினால் மாலையில் உரித்துக் கொடுத்துவிடலாம். ஒரு டாக்ஸியே மூன்று டாக்ஸியாக நடிக்கும்: பிளேட்டை மாற்றி, டேஷ்போர்டு சாமி படத்தை மாற்றி, எதிர்த்திசையில் விடுங்கள்.

மும்பையின் சிவப்பு டவுன் பஸ் (‘பெஸ்ட்’ பஸ் என்பார்கள்) நம்மால் முடியாது. ஆனால் சிவப்பாக ஒரு வேன் கிடைத்தால் கேமராவுக்கு மிக அருகில், ஃபோகஸ் இல்லாமல் அரை வினாடி குறுக்கே ஓட்டுங்கள். பார்ப்பவர் மனசு அதைப் பஸ்ஸாக்கிக்கொள்ளும்.

படி 6: ஆட்கள்

தெருவை மாற்றிவிட்டு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்களை அப்படியே நடக்கவிட்டால் எல்லாம் வீண். முதல் எதிரி மல்லிகைப்பூ. பெண்கள் தலையில் அடர்த்தியான மல்லிச்சரம் இருந்தால் அது தமிழ்நாடு, வேறு பேச்சே இல்லை. மடித்துக் கட்டிய லுங்கி அடுத்தது. மராத்திக் குடும்பப் பெண் என்றால் தாலி கருகமணியில் கோத்த மங்களசூத்திரம். வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலா என்றால் வெள்ளைக் காந்தி குல்லா. மீசையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, எங்கள் படத்தில் எட்டுப் பேரில் ஏழு பேருக்கு முறுக்கு மீசை, ஒருவர்கூட எடுக்கச் சம்மதிக்கவில்லை. ஏழு பேரையும் முதுகு காட்டி நிற்க வைத்தோம்.

சௌகார்பேட்டையில் எடுக்கிறீர்கள் என்றால் அந்தத் தெருக்காரர்களையே கேளுங்கள். அவர்கள் நிற்கிற விதம், பேசுகிற விதம் நம்மால் சொல்லிக் கொடுத்து வராது. உரிய சம்பளம் கொடுங்கள், டீயோடு அனுப்பிவிடாதீர்கள். போலீஸ் வேஷம் போடுகிறவர்கள் ஷாட் இல்லாத நேரம் மேலே ஒரு சட்டை போட்டிருக்கட்டும். யூனிஃபார்மோடு டீ குடிக்கப் போனால் தேவையில்லாத வம்பு.

படி 7: கடலும் மழையும்

மும்பையின் கடல் மேற்கே, நம் கடல் கிழக்கே. அங்கே சூரியன் கடலில் இறங்கும், இங்கே கடலிலிருந்து ஏறும். கடலோர அஸ்தமனக் காட்சியை இங்கே எடுப்பதென்றால் விடியற்காலையில்தான் எடுக்க வேண்டும்.

அதில் ஒரு பொறி இருக்கிறது. மாலைக் காட்சியில் நேரம் போகப் போக வெளிச்சம் குறைய வேண்டும். விடியலில் கூடிக்கொண்டே போகும். அதனால் காட்சியின் கடைசி ஷாட்டை முதலில் எடுங்கள், முதல் ஷாட்டைக் கடைசியில் எடுங்கள். வசனத்தைப் பின்னாலிருந்து முன்னால் எடுப்பது நடிகர்களுக்குக் குழப்பம், ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். உதயத்தை எடுத்துத் திருப்பி ஓட்டினால் அஸ்தமனம் ஆகிவிடுமே என்று யாராவது யோசனை சொல்வார். சூரியன் இறங்கும், கூடவே அலையும் கடலுக்குள் திரும்பிப் போகும். அலை தெரியாத அளவுக்கு நெருக்கமான ஷாட்டில் மட்டும் செய்யலாம்.

மெரினா மணலும் வேண்டாம். மெரின் டிரைவில் மணலா இருக்கிறது? சுவர், அதற்குக் கீழே அலையைத் தடுக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் (டெட்ராபாடுகள்). காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் சாலையோரம் கொட்டியிருக்கும் பாறைகள் ஓரளவு கைகொடுக்கும், டைட்டாக வைத்தால்.

மழையும் இப்படித்தான். மும்பைக்கு மழை ஜூனில் தொடங்கும், நமக்கு அக்டோபரில். ஜூன் மாதச் சென்னையில் டேங்கர் தண்ணீரில் மழை எஃபெக்ட் போட்டால், மழைக்கு நடுவே சுள்ளென்று வெயில் அடிக்கும். சாயங்காலம் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போனபிறகு, நிழலான சந்தில், துளிகளுக்குப் பின்னாலிருந்து லைட் கொடுத்து எடுங்கள். மழையைவிட முக்கியம் நனைந்த தரை. ஷாட்டுக்கு முன் சாலையையும் சுவரின் அடிப்பகுதியையும் நன்றாக நனைத்துவிட்டால், கொஞ்சம் துளி விழுந்தாலே அடைமழை மாதிரி இருக்கும். பயன்படுத்தும் தண்ணீர் குடிநீர் அல்ல என்பதைத் தெருவில் சொல்லிவிடுங்கள். கோடையில் தண்ணீர் லாரியைப் பார்த்தால் குடத்தோடு வந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

படி 8: அனுமதி, அக்கம்பக்கம்

காவல்துறை, மாநகராட்சி, ரயில்வே, மெட்ரோ எல்லாம் தனித்தனி. ஒன்றில் வாங்கிய கடிதம் இன்னொன்றில் செல்லாது. டிரோன் பறக்கவிடும் முன் அரசின் டிரோன் வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விண்ணப்பத்தில் தெருவை வேறு ஊராக மாற்றப் போகிறீர்கள் என்பதையும் போர்டுகள், நம்பர் பிளேட்டுகள், போலீஸ் யூனிஃபார்ம் வருவதையும் எழுதிவிடுங்கள்.

அரசாங்கத்தைவிட அக்கம்பக்கம் முக்கியம். ஒசாமா பின்லேடன் தேடலைப் பற்றிய ஹாலிவுட் படத்துக்காக 2012இல் சண்டிகரை பாகிஸ்தானாக மாற்றினார்கள். உருது போர்டும் லாகூர் வண்டி நம்பரும் கடைத்தெருவில் வந்ததும் எதிர்ப்பாளர்கள் வந்து ஷூட்டிங்கை மறித்தார்கள். நம் தெருவில் ஒரே இரவில் தமிழ் போர்டை மறைத்து தேவநாகரி மாட்டினால் காலையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தெருச் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லி, ‘இது படப்பிடிப்பு, இன்று மாலை ஆறு மணி வரை’ என்று தமிழில் பெரிதாக எழுதி இரண்டு முனையிலும் வையுங்கள், ஃப்ரேமுக்கு வெளியே.

படி 9: ஷூட்டிங் நாள்

கேமராமேனுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. நீளமான லென்ஸ், பின்னணி மசங்கலாக, சந்தின் குறுக்கே ஏதாவது ஒன்று முன்னால் தொங்கட்டும். வைட் ஷாட்டுக்கு நாளின் ஒரே ஒரு நேரத்தை ஒதுக்கி, எல்லா ஆட்களையும் வண்டிகளையும் அந்த ஒரு ஷாட்டில் கொட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு யோசனை. மானிட்டர் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். நடிகரைப் பார்ப்பது அவர் வேலை இல்லை. பின்னணியில் சென்னை தெரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். முடிந்தால் தமிழ் படிக்கத் தெரியாதவராக, இந்த ஊருக்குப் புதியவராக இருக்கட்டும். அவர் கண்ணுக்குத்தான் எல்லாம் விநோதமாகத் தெரியும். நாங்கள் பீகாரிலிருந்து வந்த ஒரு தம்பியை உட்கார வைத்தோம். முதல் மணி நேரத்தில் நான்கு முறை கை தூக்கினான், நான்கும் சரி.

படி 10: இரண்டு பேர், இன்னொரு பயணம்

எல்லாம் முடித்து, முதல் எடிட்டைப் பார்த்தபிறகு மும்பைக்குப் போங்கள். முன்னாலேயே போய் அழகழகாக எடுத்துவந்தால் எதுவும் ஒட்டாது. எடிட்டில் எங்கே ஓட்டை என்று தெரிந்தபின், அந்த ஓட்டையின் அளவுக்கு எடுத்துவர வேண்டும். காட்சி தொடங்கும் முன் மூன்று நான்கு வினாடி நிஜத் தெரு, அவ்வளவுதான். கதாநாயகனின் சட்டையையும் பையையும் எடுத்துக்கொண்டு போய், அதே உயரத்தில் ஒருவருக்குப் போட்டு, முதுகுப் பக்கமாகக் கூட்டத்துக்குள் நடக்கவிடுங்கள். அடுத்த ஷாட் சௌகார்பேட்டையில் முகம். இடையே வெட்டு இருப்பதே தெரியாது.

இப்போது சத்தம். முதல் பயணத்தில் பிடித்துவந்ததை இங்கே போடுங்கள். லோக்கல் ரயிலில் அடுத்த ஸ்டேஷனை மூன்று மொழியில் சொல்வார்கள்: ‘புடீல் ஸ்டேஷன்’, ‘அக்லா ஸ்டேஷன்’, ‘நெக்ஸ்ட் ஸ்டேஷன்’. அது ரயிலுக்குள் நடக்கும் காட்சிக்கு. ஜன்னல் மூடிய அறைக்குள் இருவர் பேசும்போது தூரத்தில் லோக்கல் ரயில் போகும் சத்தம் லேசாகக் கேட்டாலே போதும், படுக்கையறை மும்பைக்குப் போய்விடும். சிங்க் சவுண்டில், அதாவது ஸ்பாட்டிலேயே குரலைப் பதிவு செய்து எடுத்திருந்தால் பின்னணியில் தமிழ்க் குரல் இருக்கிறதா என்று ஹெட்போனில் முழுப் படத்தையும் கேளுங்கள். காய்கறி வண்டி மைக்கில் “தக்காளி கிலோ...” என்று வந்தால் கதை முடிந்தது.

படி 11: ஊர்க்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள்

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் மிச்சம் மீதியை அழித்து, கலர் சரிசெய்து, யாருக்கும் காட்டும் முன் மும்பையில் வளர்ந்த ஒருவருக்குப் படத்தை ஓட்டுங்கள். பேசாமல் அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.

நாங்கள் தெற்கு மும்பையின் கிர்காவில் நடக்கும் ஒரு காட்சிக்கு மூன்று நாள் உழைத்தோம். போர்டெல்லாம் மராத்தியில், எழுத்துப்பிழை இல்லாமல். வினைல் ஒட்டிய டாக்ஸி. வாடகைக்கு எடுத்த ஆட்டோவைக் கறுப்பும் மஞ்சளுமாக மாற்றி, எம்எச் 01 பிளேட் மாட்டி, கதாநாயகி அதிலிருந்து இறங்குகிற மாதிரி ஷாட். பார்க்க வந்த அக்கா தாதரில் பிறந்து வளர்ந்தவர். கோபுரம் இல்லை, கோலம் இல்லை, மல்லிப்பூ இல்லை. பத்து நிமிஷம் அமைதியாகப் பார்த்துவிட்டு, “கிர்காவுக்கு ஆட்டோ எப்படிப்பா வந்துச்சு?” என்றார். பாந்த்ரா, சயானைத் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியே கிடையாது. மும்பைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கதாநாயகி இறங்கும் ஷாட்டைத் தூக்கிவிட்டு, அவள் காசை எண்ணிக் கொடுக்கும் கையின் குளோசப்பிலிருந்து காட்சியைத் தொடங்கினோம். முன் ஷாட்டில் டாக்ஸி கதவு சாத்தும் சத்தம் சேர்த்தோம். அதற்குப் பிறகும் ஒருநாள் மிக்ஸிங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தோம், அவள் நடந்து போகும்போது பின்னால் ஆட்டோ கிளம்பும் டுர்ர் சத்தம் அப்படியே இருந்தது.